கோட் ரிவ்யூவில் சிக்கிய பிழை எங்கே பதிவாகிறது? ‘கெரிட்’ கருவி இயங்குவது எப்படி? – முழு விளக்கம்

போனில் இருக்கும் பேங்க் ஆப்பில் ‘பணம் அனுப்பு’ பட்டனை அழுத்துகிறீர்கள். சிக்னல் சரியில்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில் ஆப் என்ன செய்ய வேண்டும்? கோரிக்கையை மறுபடியும் அனுப்பலாமா? முதல் கோரிக்கை ஏற்கெனவே வங்கிக்குப் போய்ச் சேர்ந்திருந்தால், பணம் இரண்டு முறை பிடிக்கப்படுமே?

ஆப் வெளியாவதற்கு முன்பே இந்தக் கேள்வியை யாராவது கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்பதற்காகவே மென்பொருள் குழுக்களில் ஒரு நடைமுறை இருக்கிறது. ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் வரி வரியாகப் படித்துப் பார்ப்பார். அதுதான் கோட் ரிவ்யூ.

படித்தவர் பிழையைக் கண்டுபிடித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அதை அவர் எங்கே எழுதினார்? எழுதியதை யார் பார்த்தார்கள்? சரிசெய்தார்களா, ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்று தள்ளிவைத்தார்களா? தள்ளிவைத்தது யார்? ஆறு மாதம் கழித்து இந்தக் கேள்விகளுக்கு உங்கள் குழுவால் பதில் சொல்ல முடியுமா?

இதற்கென்றே உருவாக்கப்பட்ட கருவிகள் உண்டு. அவற்றில் ஒன்றான ‘கெரிட்’ எப்படி வேலை செய்கிறது, அதில் ஒரு பிழைக் குறிப்பு எப்படிப் பதிவாகிறது, பதிவு இருந்தும் பிழைகள் எப்படித் தப்பிவிடுகின்றன என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம். கெரிட்டையே பயன்படுத்தாத குழுவில் நீங்கள் வேலை செய்தாலும் இதில் பெரும்பகுதி உங்களுக்குப் பொருந்தும்.

கோட் ரிவ்யூ எப்போது தொடங்கியது?

முறையான கோட் ரிவ்யூவுக்கு அடித்தளம் போட்டவர் என்று ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய மைக்கேல் ஃபேகனைச் சொல்வார்கள். வடிவமைப்பையும் நிரலையும் கூட்டம் போட்டு ஆய்வு செய்வது எப்படி என்று விளக்கும் அவரது கட்டுரை, 1976-ல் ஐபிஎம் சிஸ்டம்ஸ் ஜர்னலில் வெளியானது.

ஃபேகன் முறையில் எல்லோருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. ஒருவர் கூட்டத்தை நடத்துவார். எழுதியவரும் உடன் இருப்பார். சோதனை செய்பவர் தன் கோணத்தில் பார்ப்பார். கண்டுபிடித்த ஒவ்வொரு பிழையும் வகை பிரித்து எழுதப்படும். இருக்க வேண்டியது இல்லையா, இருப்பது தவறா, தேவையில்லாதது கூடுதலாக இருக்கிறதா? பெரிய பிழையா, சின்னதா? கூட்டம் முடிந்த பிறகு, எழுதப்பட்ட எல்லாமே சரிசெய்யப்பட்டதா என்று பார்ப்பது தனி வேலை.

அதாவது, கோட் ரிவ்யூ முறையாகப் பிறந்தபோதே பதிவேடும் கூடவே பிறந்துவிட்டது. கூடவே ஃபேகன் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார்: ஆய்வில் கிடைத்த பிழைகளின் எண்ணிக்கையை வைத்து ஊழியரின் திறமையை மதிப்பிடக் கூடாது. இந்த எச்சரிக்கை ஏன் முக்கியம் என்பதற்குப் பிறகு வருவோம்.

வாய்ச்சொல்லாகவோ வாட்ஸ்அப்பிலோ சொன்னால் போதாதா?

சின்ன எழுத்துப் பிழைக்கு அது போதும். ஆனால் மேலே சொன்ன பணப் பரிமாற்றச் சிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். படித்துப் பார்த்தவர் எழுதியவரின் மேசைக்குப் போய், “இந்த இடத்துல ரெண்டு தடவை டெபிட் ஆக வாய்ப்பு இருக்கு, பாருங்க” என்கிறார். “ஆமா, ரிலீஸ் முடிஞ்சதும் மாத்திடறேன்” என்கிறார் எழுதியவர். இருவருமே நல்லெண்ணத்தோடுதான் பேசினார்கள். மூன்று மாதத்தில் எழுதியவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுகிறார். படித்தவர் வேறு புராஜெக்ட்டுக்கு மாற்றப்படுகிறார். அந்தப் பேச்சு காற்றோடு போய்விட்டது. பிழை மட்டும் நிரலில் அப்படியே இருக்கிறது.

அரசு அலுவலகக் கோப்பைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஒரு கோப்பில் மனு மட்டும் இருக்காது. குறிப்புத் தாளும் இருக்கும். எழுத்தர் என்ன எழுதினார், கண்காணிப்பாளர் என்ன ஆட்சேபம் சொன்னார், கடைசியில் அதிகாரி எதை ஏற்றுக் கையெழுத்துப் போட்டார் என்பதெல்லாம் தேதியோடு அதில் வரிசையாக இருக்கும். முடிவு தவறு என்று பின்னால் தெரிந்தால், அது எந்த மேசையில் தவறியது என்று தேடிப் பார்க்கலாம். கோட் ரிவ்யூ கருவி என்பது நிரலுக்கான குறிப்புத் தாள்.

பதிவு தேவைப்படுவதற்கு வெளியிலிருந்து வரும் காரணங்களும் உண்டு. கார்டு பணப் பரிவர்த்தனைகளுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் என்ற பாதுகாப்புத் தரநிலை, நிறுவனம் தனக்காக உருவாக்கும் மென்பொருள் வெளியாகும் முன் ஆய்வு செய்யப்பட வேண்டும் என்கிறது. மனிதர்கள் படித்துப் பார்க்கும் முறை என்றால், எழுதியவரே தன் நிரலை ஆய்வு செய்யக் கூடாது. வேறொருவர் செய்ய வேண்டும். தணிக்கையாளர் வந்து “செய்தீர்களா?” என்று கேட்டால் தலையாட்டினால் போதாது. பதிவைக் காட்டணும்.

இந்திய ஐடி துறைக்கு இது புதிதல்ல. சிஎம்எம்ஐ தரச் சான்றுக்காக உழைத்த நிறுவனங்களில் வேலை பார்த்தவர்களுக்கு எக்செல் ரிவ்யூ ஷீட்டுகள் நன்றாகவே நினைவிருக்கும். வரிசை எண், கோப்பின் பெயர், வரி எண், குறை, நிலை என்று கட்டங்கள். அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஷீட் ஒரு இடத்தில், நிரல் வேறு இடத்தில். நிரல் மாறியதும் ஷீட்டில் இருக்கும் 142-வது வரி எது என்றே தெரியாது. ஷீட்டை நிரப்பாவிட்டாலும் நிரல் வெளியே போய்விடும். இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைப்பதுதான் கெரிட் போன்ற கருவிகளின் வேலை.

கெரிட் எங்கிருந்து வந்தது?

பைத்தான் மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம் கூகுளில் வேலை பார்த்தபோது, ‘மாண்ட்ரியன்’ என்ற உள் ரிவ்யூ கருவியை எழுதினார். அது நிறுவனத்துக்குள் மட்டும் பயன்பட்டது. பிறகு 2008-ல் அதே எண்ணத்தை எல்லோரும் பயன்படுத்தும்படி ‘ரீட்வெல்ட்’ என்ற பெயரில் திறந்த மூல மென்பொருளாக வெளியிட்டார். மாண்ட்ரியன் என்பது நெதர்லாந்து ஓவியரின் பெயர். ரீட்வெல்ட் அதே நாட்டுக் கட்டடக் கலைஞர். அவரது முழுப் பெயர் கெரிட் ரீட்வெல்ட்.

ஆண்ட்ராய்டின் திறந்த மூல நிரலுக்கு, கிட் என்ற பதிப்பு மேலாண்மை முறையோடு ஒத்துப்போகும் ரிவ்யூ கருவி தேவைப்பட்டது. ரீட்வெல்ட்டிலிருந்து கிளைத்து உருவானதற்கு அந்தக் கட்டடக் கலைஞரின் முதல் பெயரையே வைத்தார்கள். பிறகு அது ஜாவாவில் முழுதாகத் திரும்ப எழுதப்பட்டது. இதை முன்னின்று உருவாக்கியவர் ஷான் பியர்ஸ்.

இன்று ஆண்ட்ராய்ட், குரோமியம், கோ மொழி, லிப்ரே ஆபீஸ், ஓப்பன்ஸ்டாக் போன்ற திட்டங்களில் கெரிட் பயன்படுகிறது. தமிழ், இந்தி, மலையாளம் உட்பட எல்லா மொழி விக்கிப்பீடியாக்களும் மீடியாவிக்கி என்ற மென்பொருளில்தான் ஓடுகின்றன. அந்த மென்பொருளில் வரும் மாற்றங்களும் விக்கிமீடியாவின் கெரிட் தளத்தில்தான் ஆய்வுக்கு வருகின்றன.

மீடியாவிக்கியின் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. 2012-க்கு முன் அங்கே மாற்றம் முதலில் நிரலில் சேர்ந்துவிடும். ஆய்வு அதற்குப் பிறகுதான். ‘புதியது’, ‘சரிசெய்ய வேண்டும்’, ‘தீர்ந்தது’, ‘சரி’, ‘திரும்பப் பெறப்பட்டது’ என்பது போன்ற நிலைகளை ஒவ்வொரு மாற்றத்துக்கும் குறிக்க, மீடியாவிக்கிக்குள்ளேயே ஒரு துணைக் கருவி இருந்தது. பதிவு பக்காவாக இருக்கும். ஆனால் ‘சரிசெய்ய வேண்டும்’ என்று குறித்த மாற்றமும் ஏற்கெனவே நிரலுக்குள் போயிருக்கும். 2012-ல் கெரிட்டுக்கு மாறியதும் வரிசை தலைகீழானது. முதலில் ஆய்வு, பிறகுதான் நிரலில் சேர்ப்பு.

கெரிட்டில் ஒரு மாற்றம் எப்படிப் பயணம் செய்கிறது?

படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: நிரலாளர் தன் கணினியில் மாற்றத்தை எழுதி கமிட் செய்கிறார். அப்போது கமிட் செய்தியின் அடியில் ‘சேஞ்ச் ஐடி’ என்ற நீண்ட அடையாள எண் தானாக ஒட்டிக்கொள்ளும். தாலுகா ஆபீஸில் தரும் மனு எண் மாதிரிதான் இது. மனுவைத் திருத்திக் கொடுத்தாலும் எண் மாறாது. கிட்டில் ஒரு கமிட்டைத் திருத்தினால் அதன் அடையாளமே மாறிவிடும் என்பதால், இப்படி மாறாத எண் ஒன்று தேவைப்படுகிறது.

இரண்டாம் படி: அவர் அதைச் சர்வருக்கு அனுப்புகிறார். நேராக முதன்மைக் கிளைக்கு அனுப்புவதில்லை. ‘இது ஆய்வுக்காக’ என்று சொல்லும் தனி முகவரிக்கு அனுப்ப வேண்டும். கெரிட் அதை வாங்கி, முதன்மை நிரலைத் தொடாமல், காத்திருப்பில் வைக்கும்.

மூன்றாம் படி: படிப்பவர்கள் வருகிறார்கள். பழைய நிரலும் புதிய நிரலும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். எந்த வரியையும், வரியின் ஒரு பகுதியையும்கூட, தேர்வு செய்து அங்கேயே குறிப்பு எழுதலாம். எழுதுவதெல்லாம் முதலில் வரைவாக இருக்கும். படித்து முடித்து அனுப்பும்போதுதான் எல்லாம் ஒன்றாக வெளியாகும்.

நான்காம் படி: எழுதியவர் குறிப்புகளைப் பார்த்து நிரலைத் திருத்தி மீண்டும் அனுப்புகிறார். சேஞ்ச் ஐடி அதேதான் என்பதால், கெரிட் இதைப் புது மாற்றமாக எடுக்காது. அதே மாற்றத்தின் இரண்டாவது ‘பேட்ச் செட்’ என்று வைத்துக்கொள்ளும். முதல் பேட்ச் செட் அழியாது. இரண்டையும் ஒப்பிட்டு, ‘சொன்னதைத்தான் மாத்தினாரா, சொல்லாததையும் மாத்தினாரா’ என்று பார்க்கலாம்.

ஐந்தாம் படி: நிபந்தனைகள் பூர்த்தியானால் முதன்மை நிரலில் சேர்க்கப்படும். வேண்டாம் என்று முடிவானால் மாற்றம் கைவிடப்படும். கைவிட்டாலும் குறிப்புகள் இருக்கும். ‘இந்த யோசனையை ஏன் போன வருஷம் விட்டோம்?’ என்று யாராவது கேட்டால் பதில் அங்கேயே கிடைக்கும்.

பிளஸ் 2, மைனஸ் 2 என்றால் என்ன?

கெரிட்டுக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான். கோட் ரிவ்யூ என்ற தலைப்பில் வழக்கமாக ஐந்து வகை ஓட்டுகள் உண்டு.

• பிளஸ் 2: நன்றாக இருக்கிறது, சேர்க்கலாம் என்று ஒப்புதல்.

• பிளஸ் 1: எனக்குச் சரியாகத்தான் தெரிகிறது, ஆனால் ஒப்புதல் வேறு ஒருவர் தரட்டும்.

• 0: கருத்து மட்டும், ஓட்டு இல்லை.

• மைனஸ் 1: இப்படியே சேர்க்காமல் இருப்பது நல்லது.

• மைனஸ் 2: சேர்க்கவே கூடாது.

இது கூட்டல் கணக்கு அல்ல. இரண்டு பேர் பிளஸ் 1 போட்டால் பிளஸ் 2 ஆகிவிடாது. பத்துப் பேர் பிளஸ் 1 போட்டாலும் ஆகாது. பிளஸ் 2 போட உரிமை உள்ள ஒருவர் போட்டே ஆக வேண்டும். அதேபோல, ஒரே ஒரு மைனஸ் 2 இருந்தால் எத்தனை பிளஸ் 2 இருந்தாலும் மாற்றம் உள்ளே போகாது. ஆனால் மைனஸ் 1 தடை அல்ல, அது ஆலோசனைதான். ‘மைனஸ் 1 போட்டேனே, எப்படி உள்ளே போச்சு?’ என்று கேட்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை.

பல திட்டங்களில் ‘வெரிஃபைட்’ என்று இன்னொரு தலைப்பும் இருக்கும். தானியங்கிச் சோதனைகள் வெற்றி என்றால் பிளஸ் 1, தோல்வி என்றால் மைனஸ் 1. இதை வழக்கமாகப் போடுவது மனிதர் அல்ல, சோதனை நடத்தும் இயந்திரம்.

எழுதியவர் புது பேட்ச் செட் அனுப்பி, அதில் நிரல் உண்மையிலேயே மாறியிருந்தால், முந்தைய பிளஸ் 2 பொதுவாகக் கூட வராது. முதல் பதிப்புக்குக் கொடுத்த ஒப்புதல் முதல் பதிப்புக்கு மட்டும்தான். மைனஸ் 2 அப்படியல்ல. போட்டவர் எடுக்கும் வரை ஒட்டிக்கொண்டே இருக்கும். இந்த விதிகளைத் திட்டத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு பிழைக் குறிப்போடு என்னென்ன பதிவாகிறது?

எழுதியவர் யார், எந்த நேரத்தில், எந்தப் பேட்ச் செட்டில், எந்தக் கோப்பில், எந்த வரியில் என்ற விவரங்களும், அது யாருடைய எந்தக் குறிப்புக்குப் பதில் என்பதும் தானாகச் சேமிக்கப்படும். எக்செல் ஷீட்டில் கையால் நிரப்பிய கட்டங்கள் எல்லாம் இங்கே தாமாகவே நிரம்புகின்றன.

இவற்றோடு முக்கியமான இன்னொரு விவரமும் உண்டு: தீர்ந்ததா, தீரவில்லையா? ஒவ்வொரு உரையாடலுக்கும் இந்த நிலை இருக்கும். எழுதியவர் திருத்திவிட்டு ‘முடிந்தது’ என்று குறித்தால் தீர்ந்ததாகும். தீராத குறிப்பு ஒன்று மிச்சமிருந்தாலும் மாற்றம் உள்ளே போகக் கூடாது என்று திட்டம் விதி வைத்துக்கொள்ளலாம். வாய்ச்சொல்லில் காணாமல் போன அந்த ‘ரிலீஸ் முடிஞ்சதும் மாத்திடறேன்’ இப்போது கதவிலேயே நின்று வழிமறிக்கும்.

இந்தப் பதிவுகள் எங்கே சேமிக்கப்படுகின்றன?

ஆரம்பத்தில் கெரிட் நிரலை கிட்டிலும், ஆய்வுக் குறிப்புகளை மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் போன்ற தனித் தரவுத்தளத்திலும் வைத்திருந்தது. நிரலை மட்டும் நகலெடுத்து வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் குறிப்புகள் கூட வராது. கோப்பை எடுத்துக்கொண்டு குறிப்புத் தாளை பீரோவில் விட்டுவிட்டுப் போவது போல.

இதை மாற்ற ‘நோட்டிபி’ என்ற ஏற்பாடு வந்தது. 2019-ல் வெளியான 3.0 பதிப்பிலிருந்து கெரிட்டுக்கு அந்தத் தனித் தரவுத்தளம் தேவையில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிட்டுக்குள்ளேயே ஒரு தனிக் கிளை இருக்கும். யாராவது ஓட்டுப் போட்டாலோ, குறிப்பு எழுதினாலோ, அந்தக் கிளையில் ஒரு புது கமிட்டாகச் சேரும். அனுமதி உள்ளவர் நிரல் களஞ்சியத்தை முழுதாக நகலெடுத்தால் ஆய்வு வரலாறும் கூடவே வந்துவிடும்.

‘அப்படின்னா யாராலும் அழிக்கவே முடியாதா?’ என்று கேட்கலாம். வெளியிட்ட குறிப்பைச் சாதாரணப் பயனர் அழிக்க முடியாது. நிர்வாகி அழிக்கலாம். யாராவது தவறிப்போய் ஒரு பாஸ்வேர்டைக் குறிப்பில் எழுதிவிட்டால் அதை நீக்க வழி வேண்டும் அல்லவா? ஆகவே நிர்வாகி உரிமை யாருக்கு என்பதும் நீங்கள் எழுதிவைக்க வேண்டிய விஷயம்தான்.

நல்ல குறிப்பு எழுதுவது எப்படி?

கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், உள்ளே எழுதுவது மனிதர்தான். அதே பணப் பரிமாற்றப் பிழைக்கு இரண்டு குறிப்புகளைப் பாருங்கள்.

முதல் குறிப்பு: “இது சரியில்லை. மாத்துங்க.”

இரண்டாவது: “வங்கியிலிருந்து பதில் வராவிட்டால் இங்கே கோரிக்கையை மறுபடி அனுப்புகிறோம். முதல் கோரிக்கை போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தால், வாடிக்கையாளரிடம் இரண்டு முறை பணம் பிடித்துவிடுவோம். மறுபடி அனுப்பும்போதும் அதே பரிவர்த்தனை எண்ணை அனுப்பி, ஏற்கெனவே வந்த எண் என்றால் எதிர்ப்பக்கம் நிராகரிக்கும்படி செய்யலாமா? இது சரியாகாமல் வெளியிடக் கூடாது.”

முதல் குறிப்பும் பதிவாகும். ஆனால் ஒரு வருடம் கழித்துப் படித்தால் அதனால் யாருக்கும் பயன் இல்லை. இரண்டாவதில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன. எந்தச் சூழ்நிலையில் பிழை வரும், வந்தால் யாருக்கு என்ன நஷ்டம், எப்படிச் சரிசெய்யலாம், எவ்வளவு அவசரம்.

இந்த நான்காவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மாறியின் பெயர் பிடிக்கவில்லை என்ற குறிப்பும், பணம் இரண்டு முறை போகும் என்ற குறிப்பும் திரையில் ஒரே அளவில்தான் தெரியும். கூகுள் பொதுவெளியில் வைத்திருக்கும் ரிவ்யூ வழிகாட்டி இதற்கு எளிய வழி சொல்கிறது. சின்ன விஷயம் என்றால் குறிப்பின் தொடக்கத்திலேயே ‘நிட்’ என்று போடுங்கள், கட்டாயமில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள் என்கிறது. உங்கள் குழுவில் ‘கட்டாயம்’, ‘செய்தால் நல்லது’, ‘தகவலுக்கு’ என்று மூன்று தமிழ்ச் சொற்களையே வைத்துக்கொண்டாலும் வேலை நடக்கும்.

பதில் எழுதுபவருக்கும் ஒரு வார்த்தை. ‘முடிந்தது’ பட்டனை அழுத்துவது திருத்தியதற்கு மட்டும் போதும். திருத்தப் போவதில்லை என்றால் காரணத்தை எழுதிவிட்டு மூடுங்கள். தள்ளிவைக்கிறீர்கள் என்றால் தனியாக ஒரு டிக்கெட் திறந்து, அதன் எண்ணை அங்கே போடுங்கள். எண் இல்லாத ‘பிறகு பார்க்கலாம்’ எதையும் குழு ஏற்கக் கூடாது.

பதிவு இருந்தால் பிழை தப்பாதா?

தப்பும். இதற்கு மிகப் பெரிய உதாரணம் ‘ஹார்ட்பிளீட்’.

இணையதளங்களின் பாதுகாப்பான இணைப்புக்கு உலகம் முழுக்கப் பயன்படும் மென்பொருள் ஓப்பன்எஸ்எஸ்எல். அதில் 2011 டிசம்பர் 31 அன்று ஒரு மாற்றம் சேர்ந்தது. வெளியிலிருந்து வரும் செய்தி தன் நீளம் என்று எந்த எண்ணைச் சொல்கிறதோ, அதை அந்த நிரல் அப்படியே நம்பியது. உண்மையில் அவ்வளவு நீளம் இருக்கிறதா என்று சரிபார்க்கவில்லை. அதனால் யார் கேட்டாலும், ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகத்தில் இருப்பதை அது அள்ளிக் கொடுத்தது. அதில் பாஸ்வேர்டுகளும் ரகசியச் சாவிகளும் இருக்க வாய்ப்பு உண்டு. 2014 ஏப்ரல் 7 அன்றுதான் இது உலகுக்குத் தெரிந்தது. இரண்டு வருடத்துக்கும் மேல் யார் கண்ணிலும் படவில்லை.

அந்த மாற்றத்தை எழுதியவர் ஒருவர். படித்துப் பார்த்துச் சேர்த்தவர் இன்னொருவர். அதாவது ரிவ்யூ நடந்தது. நடந்தும் தப்பியது. அதன் பிறகு ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்தில் ஒவ்வொரு மாற்றத்தின் கமிட் செய்தியிலும், அதை ஆய்வு செய்தவரின் பெயர் இடம்பெறும் வழக்கம் வந்தது. பெயர் எழுதியதால் மட்டும் கண் கூர்மையாகிவிடாது. ஆனால் ‘என் பெயரில் இது போகிறது’ என்று தெரிந்தால், இன்னொரு முறை படிக்கத் தோன்றும்.

பதிவின் உண்மையான பலன், தப்பிய பிறகு தெரியும். 2021-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லினக்ஸ் கெர்னலுக்கு வேண்டுமென்றே குறையுள்ள மாற்றங்களை அனுப்பி, ஆய்வில் பிடிபடுகிறதா என்று சோதித்தது தெரிந்து பெரிய சர்ச்சை ஆனது. உடனே எழுந்த கேள்வி: அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து இதுவரை வந்தது எல்லாம் சரியானதுதானா? யார் அனுப்பியது, யார் பார்த்தது என்று ஒவ்வொரு மாற்றத்திலும் எழுதியிருந்ததால், 400-க்கும் மேற்பட்ட மாற்றங்களைத் தனியாகப் பிரித்தெடுத்து மறுபடி ஆய்வு செய்ய முடிந்தது. பெரும்பாலானவை சரியானவை என்று தெரிந்தது. பதிவு இல்லாமல் இருந்திருந்தால் எங்கிருந்து தொடங்குவது என்றே தெரிந்திருக்காது.

கெரிட் இல்லாத குழு என்ன செய்யலாம்?

கிட்ஹப், கிட்லேப் போன்ற தளங்களிலும் வரிக்கு வரி குறிப்பு எழுதலாம், ஒப்புதலைக் கட்டாயமாக்கலாம். லினக்ஸ் கெர்னலில் ஆய்வு இன்றும் பெரும்பாலும் மின்னஞ்சலில்தான் நடக்கிறது. ஆய்வு செய்தவர், சோதித்தவர், பிழையைச் சொன்னவர் ஆகியோரின் பெயர்கள் கமிட் செய்தியின் அடியில் தனித்தனி வரிகளாகச் சேரும். எந்தப் பழைய மாற்றத்தின் பிழையை இது சரிசெய்கிறது என்பதற்கும் தனி வரி உண்டு. கருவி எதுவானாலும், எந்த வரியில் என்ன குறை, சொன்னது யார், என்ன முடிவானது, முடிவெடுத்தது யார் என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் நிரலோடு சேர்ந்தே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

உங்கள் குழு எழுதிவைக்க வேண்டியவை

கருவியை நிறுவுவதோடு வேலை முடியவில்லை. அதை உங்கள் குழு எப்படிப் பயன்படுத்துகிறது என்று இரண்டு பக்கத்துக்கு மிகாமல் ஒரு ஆவணம் வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் முதல் நாளே படித்துப் புரிந்துகொள்ளும் அளவில் இருந்தால் போதும். அதில் இருக்க வேண்டியவை:

1. பிளஸ் 2 போட யாருக்கு உரிமை? எழுதியவரே தன் மாற்றத்துக்கு ஒப்புதல் தரலாமா? தரக் கூடாது என்றால், அதைக் கருவியிலேயே தடுத்திருக்கிறோமா?

2. மைனஸ் 2 எப்போது போடலாம்? போட்டவர் விடுப்பில் இருந்தால் அதை எடுப்பது யார்?

3. ‘கட்டாயம்’ என்ற வகையில் என்னென்ன வரும்? பணம், தனிப்பட்ட தகவல், கடவுச்சொல் தொடர்பான குறைகள் கண்டிப்பாக இருக்கட்டும்.

4. தள்ளிவைக்கும் குறை எங்கே போகும்? அந்தப் பட்டியலை யார், எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்ப்பார்கள்?

5. நள்ளிரவில் சர்வர் படுத்துவிட்டது, ஆய்வுக்கு நேரமில்லை. அப்போது என்ன விதி? அவசரமாகச் சேர்த்ததை மறுநாள் யார் படித்துப் பார்ப்பார்கள்?

6. ஒரு மாற்றம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? சுமார் 100 வரி வசதியான அளவு, 1,000 வரி பெரும்பாலும் மிக அதிகம் என்கிறது கூகுளின் வழிகாட்டி. இரண்டாயிரம் வரியை ஒரே மூச்சில் அனுப்பினால், படிப்பவர் சோர்ந்துபோய் பிளஸ் 2 போட்டுவிடுவார். பதிவு சுத்தமாக இருக்கும், படிப்பு மட்டும் நடந்திருக்காது.

கெரிட்டில் ஓட்டு விதிகளும் அனுமதிகளும் கிட்டுக்குள்ளேயே ஒரு அமைப்புக் கோப்பில் இருக்கும். விதியை யார், எப்போது மாற்றினார்கள் என்பதும் அதனால் பதிவாகும். உங்கள் இரண்டு பக்க ஆவணத்தையும் நிரலோடு சேர்த்தே வையுங்கள். அதில் வரும் மாற்றமும் ரிவ்யூவுக்கு வரட்டும்.

மேலாளர்கள் செய்யக் கூடாதது

இவ்வளவு விவரம் ஒரே இடத்தில் சேர்ந்ததும், ஒரு ஆசை வரும். யாருடைய நிரலில் எத்தனை பிழை வந்தது என்று எண்ணி, அப்ரைசலில் சேர்த்துவிட்டால் என்ன? ஃபேகன் 1976-லேயே வேண்டாம் என்று சொன்னது இதைத்தான்.

காரணம் எளிது. குறிப்பு எழுதினால் நண்பரின் சம்பள உயர்வு பாதிக்கும் என்று தெரிந்தால், படிப்பவர் அதைக் கருவியில் எழுத மாட்டார். டீக்கடையில் சொல்வார். போனில் சொல்வார். கருவியில் எல்லாமே பிளஸ் 2 ஆக இருக்கும். எண்ணிக்கையைப் பார்த்தால் குழு பிரமாதமாக வேலை செய்வதாகத் தெரியும். பிழைகள் மட்டும் யாரும் தேட முடியாத இடத்துக்குப் போயிருக்கும். பதிவேடு எழுதுபவரைத் தண்டிக்காமல் இருந்தால்தான் அதில் உண்மை இருக்கும்.

நேரில் பார்க்க வேண்டுமா?

ஆண்ட்ராய்டின் கெரிட் தளமும் விக்கிமீடியாவின் கெரிட் தளமும் பொதுவெளியில் திறந்தே இருக்கின்றன. கணக்குத் தொடங்காமலே படிக்கலாம். ஏற்கெனவே சேர்க்கப்பட்ட மாற்றம் ஒன்றைத் திறந்து, அதற்கு எத்தனை பேட்ச் செட் ஆனது, யார் மைனஸ் 1 போட்டார்கள், ஏன் போட்டார்கள், அது எப்படிப் பிளஸ் 2 ஆனது என்று மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். கல்லூரி முடித்து வேலை தேடுபவர் என்றால், அனுபவசாலிகள் நிரலை எப்படிப் படிக்கிறார்கள் என்று காசில்லாமல் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். ஏற்கெனவே வேலையில் இருப்பவர் என்றால், உங்கள் குழுவில் கடைசியாகச் சேர்ந்த மாற்றம் ஒன்றை எடுத்து, மேலே சொன்ன நான்கு கேள்விகளுக்கும் அதில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், அடுத்த குழுக் கூட்டத்தில் முதலில் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.